லாரிக்கும் டோக்கன் வேண்டும்

ராமேஸ்வரம் மீன் இறங்குதளத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு வண்டி அனுப்பும் வேலை பார்த்தேன். காலை நெரிசலைப் பற்றி யாரைக் கேட்டாலும், "ரோட்டை அகலமாக்கணும்" என்பார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வீடுகளும் லாட்ஜுகளும் கோயிலும். எதை இடிப்பது?

விசைப்படகுகள் திங்கள், புதன், சனி சேர்ந்து போய், மறுநாள் காலை சேர்ந்தே திரும்பும். ஆக, அடைப்பு அந்த மறுநாள் காலைகளில்தான். ஐஸ் வண்டி, இறால் ஏற்றும் கூலர் வண்டி, சங்காயம் எனப்படும் கழிவு மீன் ஏற்றும் லாரி எல்லாம் இருட்டோடு வந்து நிற்கும். மீன் தூளுக்குப் போகும் சங்காயத்துக்கு அவ்வளவு அவசரம் கிடையாது. இறாலோ வெயில் ஏற ஏற விலை இறங்கும். ஆனாலும் துறையை அடைத்து நிற்பது சங்காய லாரியாகத்தான் இருக்கும். முந்தி வந்தவனுக்கு முதலிடம் என்பது அங்கே எழுதாத சட்டம்.

"ராத்திரியே வந்து போட்டாத்தாண்ணே லோடு. இல்லேன்னா வேற வண்டியில ஏத்திருவாங்க" என்றார் எங்கள் டிரைவர் ஒருவர். அந்தப் பயத்தைப் போக்காமல் எத்தனை போலீஸ் நின்று விசில் ஊதினாலும் பலனில்லை.

படகு கடலுக்குப் போக மீன்வளத் துறையின் டோக்கன் வேண்டும். லாரிக்கும் அதே மாதிரி செய்து பார்த்தோம். எந்தப் படகுச் சரக்கு எந்த வண்டிக்கு என்று முந்தின சாயங்காலமே எழுதிக் கொடுத்து, வண்டிகளை ராமேஸ்வரத்துக்கு முந்தின ஊரான தங்கச்சிமடத்தில் நிறுத்தினோம். மீனைத் தரம் பிரித்து எடை போடத் தொடங்கியதும் போன் போகும். லோடு கைவிட்டுப் போகாது என்று தெரிந்ததும் டிரைவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். நாங்கள் காலி செய்த இடத்தில் மற்ற கம்பெனி வண்டிகள் வந்து நின்றன என்பது வேறு கதை. எல்லாரும் சேர்ந்தால்தான் இது பலிக்கும்.

இங்கிலாந்தின் டோவர் ஃபெரி துறைமுகத்தில் 2015 முதல் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. கூட்டம் மிகும்போது சரக்கு லாரிகளை ஊருக்கு வெளியே ஏ20 சாலையின் இடது தடத்திலேயே நிறுத்தி, உள்ளே இடம் விழ விழ சிக்னல் போட்டு விடுகிறார்கள். வரிசை குறைந்துவிடாது; ஊருக்குள் வந்து அடைக்காது, அவ்வளவுதான்.

அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பாம்பன் பாலம் தாண்டி வரும் நெடுஞ்சாலை ஒன்றுதான் தீவுக்கு வழி. அதன் ஓரத்தில் லாரிகளை நிறுத்தினால் யாத்ரீகர் பஸ் முதல் ஆம்புலன்ஸ் வரை மாட்டிக்கொள்ளும். சாலையை விட்டு விலகி ஒரு மைதானம் வேண்டும். கழிப்பறையும் டீக்கடையும் இல்லாவிட்டால் எந்த டிரைவரும் அங்கே நிற்கமாட்டார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போவதில்லை, துறையும் காலி. மைதானத்தை அப்போது தயார் செய்து, ஜூன் பாதியில் படகுகள் கிளம்பும்போதே டோக்கனைத் தொடங்கினால், ஆடி அமாவாசைக் கூட்டம் வருவதற்குள் குறைநிறை தெரிந்துவிடும்.