காலுறையும் ஜட்டியும் அனுப்பியிருக்கிறேன்

ரோமப் பேரரசு என்றதும் நமக்கு வாளும் கேடயமும்தான் ஞாபகம் வரும். இரண்டு நாளாக நான் வாசித்துக்கொண்டிருப்பது அவர்களுடைய ஜட்டிக் கணக்கை.

வட இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்று ஒரு ரோமக் கோட்டை. 1973இல் அங்கே தோண்டியபோது ஈர மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்தன. அஞ்சலட்டை அளவுதான், மையால் எழுதியவை. கி.பி. 100ஐ ஒட்டிய கடிதங்கள், கணக்குகள்.

ஒன்றில் யாரோ எழுதுகிறார்: காலுறைகள், இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு ஜட்டி அனுப்பியிருக்கிறேன். ஊரிலிருந்து வரும் பார்சலேதான்; முறுக்குதான் இல்லை. இன்னொன்றில் மாஸ்குலஸ் என்ற அதிகாரி, நாளைக்கு என்ன உத்தரவு என்று பவ்யமாகக் கேட்டுவிட்டு, அப்புறம் விஷயத்துக்கு வருகிறார்: பையன்களிடம் பீர் இல்லை, அனுப்பச் சொல்லுங்கள்.

ஒரு படைக்கணக்கும் உண்டு. மொத்தம் 752 பேர், கோட்டையில் இருந்தது 296. அவர்களில் காயம்பட்டவர்கள் 6 பேர்தான்; கண்வலிக்காரர்கள் 10 பேர்!

இந்தச் சிப்பாய்களில் பலர் ரோமர்களே இல்லை. இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கத்திலிருந்து வந்த படாவியர், துங்கிரியர். அவர்களும் ரோமுக்கு அடங்கிப்போன ஜனங்கள்தான். ஆனாலும் ஒரு குறிப்பு பிரிட்டன்காரர்களை 'பிரிட்டுன்குலி', அதாவது 'பிரிட்டன் பொடிசுகள்' என்று இளக்காரமாகச் சொல்கிறது. எல்லா ஊரிலும் இதே கதைதான் போல.

எனக்குப் பிடித்தது கிளாடியா செவேராவின் கடிதம். ஒரு தளபதியின் மனைவி, இன்னொரு தளபதியின் மனைவி லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். செப்டம்பர் 11. கடிதத்தை எழுதியது எழுத்தர். கடைசி சில வரிகள் மட்டும் வேறு கையெழுத்து, அவளுடையது: உனக்காகக் காத்திருப்பேன், சகோதரி.