ஏழு வருஷக் கணக்கு

எங்கள் தெருவில் ஒரு பெண் இறந்துபோன அன்று, போலீஸ் வந்ததும் முதலில் கேட்டது கல்யாணம் எப்போது என்றுதான். அவளுடைய அம்மா அழுதுகொண்டே பீரோவைத் துழாவி, மஞ்சள் கரைந்த பத்திரிகையை எடுத்து நீட்டினார். ஏழு வருஷம் நிறைய இரண்டு மாதம் பாக்கி. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் நடந்த சாவு, ஆகவே ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை, பக்கத்து வீடு என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள்.

வெளியே காத்திருந்தபோது காதில் விழுந்தது இரண்டே பேச்சு. "தற்கொலைதானே, புருஷனை என்ன செய்ய முடியும்?" "ஏழு வருஷத்துக்குள்ள, அவன் உள்ளேதான்." இரண்டும் தப்பு.

அந்த ஏழு வருஷத்துக்குள் நடந்த சாவில், வரதட்சணை கேட்டு, அதுவும் சாவதற்குச் சற்று முன்பு கொடுமைப்படுத்தியது நிரூபணமானால், தற்கொலையாகவே இருந்தாலும் அது வரதட்சணை மரணம்தான். குறைந்தது 7 ஆண்டு, மேலே ஆயுள் வரை போகும். வரதட்சணை இல்லாத கொடுமை என்றால் தற்கொலைக்குத் தூண்டியதாக நீதிமன்றம் ஊகிக்கலாம். ஊகிக்க'லாம்', அவ்வளவுதான், கட்டாயமில்லை. சண்டையில் கணவன் "உன் இஷ்டப்படி செய், எங்கே வேண்டுமானாலும் போ" என்று சொல்ல, மனைவி உயிரை விட்ட ஒரு வழக்கில், கோபத்தில் வந்த வார்த்தை தூண்டுதல் ஆகாது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 498ஏ தண்டனை மட்டும் நின்றது.

எனக்கு மறக்காதது புனே வழக்கு. 1982இல், கல்யாணமாகி நான்கே மாதத்தில் ஒரு பெண் விஷத்தால் இறந்தாள். கணவனுக்குக் கீழ்க் கோர்ட்டில் மரண தண்டனை, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அவள் சகோதரிக்கும் தோழிக்கும் எழுதிய கடிதங்களை அரசுத் தரப்பு கணவனுக்கு எதிராக வாசித்தது. உச்ச நீதிமன்றமோ அதே கடிதங்களில் ஒடிந்துபோன ஒரு மனதையும் பார்த்தது. கொலைக்கும் தற்கொலைக்கும் இடமிருந்தால் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு என்று 1984இல் விடுதலை. சட்டப்படி சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் அந்தக் கடிதங்கள் உறுத்துகின்றன. அவள் இறந்தபோது 498ஏ என்ற பிரிவே கிடையாது, அது 1983இல்தான் வந்தது.

அப்புறம் என் முறை வந்தது.

"சண்டைச் சத்தம் கேட்குமா?"

"கேட்கும் சார்."

"என்ன பேசிக்குவாங்க?"

அதுதானே கேள்வி. பணமா, சந்தேகமா, வெறும் வாய்ச்சண்டையா?

"தெரியாது சார். சத்தம் வந்தா நாங்க ஜன்னலைச் சாத்திடுவோம்."

அதையும் எழுதிக்கொண்டார்.