'வாங்கு' என்ற பொத்தான்

என் பழைய ஹார்ட் டிஸ்க் இரண்டு வாரமாகவே டிக் டிக்கென்று ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஒலியின் பொருள் தெரிந்தவர்கள் அன்றிரவே கோப்புகளைப் படியெடுத்துவிடுவார்கள். எனக்கும் தெரியும், இருந்தும் தள்ளிப்போட்டேன். ஒருவழியாக 1 டெராபைட் கொள்ளளவுள்ள புதிய டிஸ்க்கைப் பொருத்தியபோது, விண்டோஸ் அதை 931 ஜிகாபைட் என்று காட்டியது. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸோ 1024ஆல் வகுக்கிறது. மற்றபடி எதுவும் களவுபோகவில்லை.

பழைய டிஸ்க்கில் இருந்தவற்றில் பெரும்பகுதி, முன்பு சிடியிலிருந்து எம்பி3ஆக மாற்றிய பாடல்கள். நொடிக்கு 128 கிலோபிட் என்ற கணக்கில் ஐந்து நிமிடப் பாடலுக்கு 5 மெகாபைட்கூட ஆகாது. யூனிகோடு பரவுவதற்கு முன், திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியேற்றத்தில் தட்டச்சு செய்திருந்த பாடல் பெயர்கள் எல்லாம் இப்போது தலையில் புள்ளியும் கோடும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றையும் ஓடவிட்டுத்தான் இன்ன பாடல் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"எதுக்குப்பா இவ்வளவு பாடு? எல்லாம்தான் ஆன்லைன்ல இருக்கே" என்றான் மகன். இருக்கிறது, இருக்கும்வரை. நான் முழுப் பணம் கட்டி ஒரு தளத்தில் 'வாங்கிய' படம், ஒருநாள் என் பட்டியலிலிருந்தே மறைந்துபோனது. உரிமம் முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் மட்டும் வந்தது. இது புதிய கதையும் அன்று. 2009ஆம் ஆண்டு ஜூலையில், விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்று தெரியவந்ததும், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த மின்னூல்களை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று, அரசுக்குப் பிடிக்காத ஆவணங்களை எரித்துவிடுவதைப் பற்றிப் பேசும் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவல் என்பதை எந்தக் கதாசிரியரும் கற்பனை செய்யத் துணிந்திருக்க மாட்டார்.

மாதச் சந்தா கட்டிப் படம் பார்ப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. வாடகை என்று தெரிந்தே கட்டுகிறேன். என் சண்டை 'வாங்கு' என்ற சொல்லோடுதான். வெறும் உரிமத்தை விற்கிறவர்கள் அதை உரிமம் என்றே தெளிவாகச் சொல்ல வேண்டுமென்று கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. பொத்தானில் இருக்கும் ஒரு சொல்லுக்காகச் சட்டமன்றம் வரை போக வேண்டியிருந்தது வேடிக்கைதான் என்றாலும், அந்தச் சட்டத்தை நான் வரவேற்கிறேன்.

விடியும்போது படியெடுப்பு முடிந்தது. பழைய டிஸ்க்கில் மூன்று கோப்புகளை மட்டும் படிக்கவே முடியவில்லை. அவற்றுள் இரண்டு பாடல்களை, மகன் சொன்னபடியே, ஆன்லைனில் தேடி எடுத்துவிட்டேன். மூன்றாவதன் பெயர் 'ட்ராக் 07' என்று மட்டுமே இருந்ததால், இழந்தது எந்தப் பாடல் என்பதே எனக்குத் தெரியவில்லை.