வவுணதீவுக் கம்புகள்

ஆகஸ்ட் 4

கச்சான் காற்று கண்ணைத் திறக்கவிடவில்லை. வலையிறவுப் பாலம் கடந்து வந்து மட்டக்களப்பு வாவிக்கரையில் அளவெடுத்தேன். கழித்துப்போட்ட தங்கூசி (நைலோன் இழை) வலைகளைக் கம்புகளில் கட்டி, கரையிலிருந்து தண்ணீருக்குள் நாற்பது அடிக்கு அலை வடிவில் ஒரு கலைப்படைப்பு செய்வதாகத் திட்டம். தாளில் அழகாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 6

மூன்றாவது கம்பை ஊன்றியதும் ஒரு தோணி அருகே வந்து நின்றது.

“பிள்ளை, இது எங்கள் பாதை.”

எனக்கு எல்லாம் ஒரே தண்ணீராகத்தான் தெரிந்தது. தோணியில் நின்ற ஐயா கோலை இறக்கிக் காட்டினார். இங்கே நெஞ்சளவு, நாலு முழம் தள்ளினால் முழங்காலளவு, தோணி தரைதட்டும். பிறகு வலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “இது கழன்று விழுந்தால் சும்மா கிடக்காது. ஆளில்லாமலே மீன் பிடிக்கும். பிடித்தது அதிலேயே அழுகும்.”

சுற்றாடல் கலை செய்ய வந்தவளுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. கம்புகளைப் பிடுங்கினேன். ஐயாவும் ஒரு கை கொடுத்தார். அதுதான் கூடுதல் வெட்கம்.

இரவு: அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் நினைவு. 1981இல் நியூயோர்க்கில் அரச அலுவலக முன்றலுக்குக் குறுக்கே 120 அடி நீளம், 12 அடி உயரத்தில் உருக்குச் சுவர் ஒன்றை நிறுத்தினார். நேரே நடந்தவர்கள் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. விசாரணை, வழக்கு எல்லாம் நடந்து, 1989இல் ஓர் இரவில் அதைத் துண்டுபோட்டு அகற்றினார்கள். அந்த இடத்துக்கென்றே செய்ததை வேறிடத்துக்கு மாற்றினால் அது அழிந்ததற்குச் சமம் என்பது அவர் வாதம். படிக்கிற காலத்தில் நான் செர்ராவின் பக்கம். அந்தச் சுவரைச் சுற்றி நடந்தவர்களைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆகஸ்ட் 19

வீடு வீடாகப் போகிறேன். 2011 ஜனவரி வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டால் யாரும் அடிக்கணக்குச் சொல்வதில்லை. எழுந்து நின்று உடம்பில் காட்டுகிறார்கள். ஒரு வாசலில் கணவர் முழங்காலுக்குச் சற்று மேலே கையை வைத்தார். மனைவி இடுப்பில் வைத்தார். “இவர் சாமான் தூக்கினவர். நான் பிள்ளையைத் தூக்கினவள். எனக்கு இவ்வளவு வந்தது.”

இரண்டையும் குறித்துக்கொண்டேன். எது சரி என்று பார்ப்பது என் வேலையல்ல.

செப்டம்பர் 2

பூவரசங் கம்பு, தும்புக் கயிறு. வேறொன்றும் இல்லை. அவரவர் வாசலுக்கு முன்னால் ஒரு கம்பு, அவரவர் காட்டிய உயரத்தில் ஒரு முடிச்சு. அந்த வாசலில் மட்டும் இரண்டு. உள்ளங்கை முழுக்கத் தும்பு கிழித்த கோடுகள்.

செப்டம்பர் 30

ஐந்து கம்புகள் துளிர்த்துவிட்டன. ஒன்றின் துளிரை ஆடு தின்றுவிட்டது.

நவம்பர் 19

நாலு நாளாக மழை. வாவி கலங்கி, புல் விளிம்புவரை ஏறியிருக்கிறது. வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரத்தை வெட்டுவார்களா என்பதுதான் கடையில் பேச்சு. முடிச்சுகளுக்கு இன்னும் எட்டவில்லை.

ஏழாவது கம்பைக் காணவில்லை. தேடினால், பக்கத்து வளவின் வேலியில் நிற்கிறது, முடிச்சோடு. கேட்கத்தான் போனேன். தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.