பொருளாளர் சங்கப் பணத்தில் கைவைத்த பிறகு எந்த அலுவலகத்துக்கு முதலில் போவது?

திருமங்கலம் பக்கம் மாலைநேரப் படிப்பகம் நடத்தும் சங்கம் எங்களுடையது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு, வருமான வரி விலக்குக்கான 12ஏபி, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி எல்லாம் உண்டு. பல வருடம் கணக்கு பார்த்த பொருளாளர் 2023 முதல் 2025 வரை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருந்தார். தெரியவந்த நாளிலிருந்து கணக்கு மறுபடி ஓடும்வரை பட்டபாட்டில் பாதிக்கு மேல், அலுவலகங்களைத் தப்பான வரிசையில் ஏறி இறங்கியதால் வந்தது. இதே நிலையில் இருக்கும் வேறு சங்கத்தாருக்கு அந்த அலைச்சலாவது மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன்.

முடிச்சு இதுதான். கையெழுத்துதாரரை மாற்ற வங்கி கேட்டது, பதிவாளர் அலுவலகத்தில் ஏற்றுக்கொண்ட, நிர்வாகி மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7. அதைக் கொடுக்கப் போனால், இரண்டு வருட ஆண்டுக் கணக்கு நிலுவை, முதலில் அதைத் தாக்கல் செய்யுங்கள் என்றார்கள். “எல்லாம் பண்ணியாச்சு தம்பி” என்று பொருளாளர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிவந்த அதே கணக்கு. தணிக்கைக்கு ஆடிட்டருக்கு வங்கி ஸ்டேட்மென்ட் வேண்டும். அதைக் கேட்டால் கவுன்ட்டரில், “ரெண்டு கையெழுத்தும் வேணும் சார்.” இரண்டில் ஒன்று அவருடையது!

முடிச்சை வங்கியில்தான் அவிழ்க்க வேண்டும். கவுன்ட்டரில் பேசி மூன்று நாள் வீணாக்கினோம். பிறகு மீதமுள்ள கையெழுத்துதாரரான செயலாளர், கிளை மேலாளர் பெயருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கினார். நிர்வாகிகளுக்குள் தகராறு, எந்தப் பணமும் வெளியே போகக் கூடாது, சங்கத்தின் கணக்கு என்பதால் மூன்று வருட ஸ்டேட்மென்ட் சங்கத்துக்கு வேண்டும் என்று ஒரே கடிதம். அன்று சாயங்காலமே வேலை முடிந்தது. எழுத்தில் கொடுத்தும் நகரவில்லை என்றால் 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கவுன்ட்டரில் வாயால் கேட்டது அங்கே கணக்கில் வராது.

அந்தக் கடிதத்தில் எங்களுக்கு ஒரு பிழை. பணத்தை நிறுத்தச் சொல்லும் வரியை, “இனி காசோலைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்” என்றுதான் முதலில் எழுதினோம். காசோலை நின்றது, நெட்பேங்கிங் இரண்டு நாள் திறந்தே கிடந்தது, ஓ.டி.பி. போகும் எண்ணும் அவருடையது. காசோலைப் புத்தக எண்கள், நெட்பேங்கிங், ஏ.டி.எம். கார்டு, கைபேசி எண், வைப்புநிதிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எழுதுங்கள். இன்னொன்று: நிறுத்த ஒரு கையெழுத்து போதும், திறக்கப் போதாது. அதுவரை ஆசிரியர் சம்பளம், கரண்டு பில் எல்லாம் நிற்கும். உறுப்பினர்களிடம் கடன் வாங்கித்தான் சமாளித்தோம். அப்படி வாங்குவதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்; ஒருவரிடம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால் வருமான வரிச் சட்டத்தில் தனித் தொல்லை, காசோலையாகவே வாங்குங்கள்.

அடுத்து, நீக்கத் தீர்மானம். இதில் ஒரு பயணம் முழுசாக வீண். செயற்குழு கூடி அவரை நீக்கி, தீர்மான நகலோடு பதிவாளர் அலுவலகத்தில் போய் நின்றோம். எங்கள் துணைவிதியிலேயே நிர்வாகியை நீக்கும் அதிகாரம் பொதுக்குழுவுக்குத்தான் என்று இருக்கிறது. அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் போனது எங்கள் தப்பு. திரும்பி வந்து, துணைவிதியில் சொன்ன நாள் கணக்குப்படி அறிவிப்பு அனுப்பி, பொருளாளருக்கும் விளக்கம் கேட்டு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் போட்டோம். “பெற மறுத்துவிட்டார்” என்று உறை திரும்பி வந்தது. அப்படி வந்தால் உறையைப் பிரிக்காதீர்கள். ஒட்டியபடி இருக்கும் உறைதான் நாளைக்குச் சாட்சி. எங்கள் ஆள் ஒருவர் பிளேடை எடுத்தே விட்டார்.

பொதுக்குழுவைக் கூட்டவே தலைவர் தயங்குகிற சங்கங்களும் உண்டு. அப்போது உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டால் பதிவாளரிடம் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவில் விசாரணை கேட்கலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

எடுத்த விதத்தைக் கண்டுபிடித்த கதைக்கு வருவோம். கோப்பில் மூன்று வைப்புநிதி ரசீதுகள் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தன. ஆடிட்டர் ஒன்றை எடுத்துத் திருப்பி, மேலாளர் கையெழுத்துக்குப் பின்பக்கம் விரலால் தடவிப் பார்த்தார். பேனா அழுத்திய தடமே இல்லை. கலர் ஜெராக்ஸ்! அசலைக் கொடுத்து முன்கூட்டியே முடித்துப் பணம் எடுத்தாகிவிட்டது. எந்தக் காலாண்டில் முடித்தார் என்பதை வருமான வரித்துறையின் 26ஏஎஸ், ஏஐஎஸ் அறிக்கைகள் இரண்டிலும் வட்டி வரவு நின்ற இடம் காட்டிக்கொடுத்தது. வருடம் ஒருமுறை அதைத் திறந்து பார்த்திருந்தால் 2023-லேயே பிடித்திருப்போம்.

விழா மேஜையில் வைக்கும் உண்டியலின் கியூஆர் ஸ்டிக்கர் கொஞ்சம் தடிமனாக இருப்பதாக யாரோ சொன்னார்கள். நகத்தால் உரித்தால் அடியில் எங்களுடைய ஸ்டிக்கர், மேலே அவருடைய சொந்தக் கணக்கு. ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைக் கொடுத்தவர்கள் பார்க்கத்தான் செய்தார்கள். பொருளாளர் பெயர்தானே என்று விட்டுவிட்டார்கள்.

காசோலைகளுக்கு ஒரு குறிப்பு. காசோலையின் அசல் தாள் உங்கள் கிளைக்கு வருவதில்லை, படம் மட்டும்தான் வரும். பணம் வரவு வைத்த வங்கியிடம்தான் தாள் இருக்கும், பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். செயலாளர் நம்பிக்கையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகளில் பெயரும் தொகையும் யார் எழுதியது என்று காட்ட அந்தத் தாள் வேண்டும். காவல்துறை வழியாகக் கேட்டால்தான் கிடைக்கும் என்பதால் புகாரிலேயே எண்களைச் சேர்த்துவிடுங்கள்.

புகாரும் முதலில் சொதப்பல்தான். வங்கிக் கிளை மாநகர எல்லையில், சங்க அலுவலகம் ஊரகத்தில். ஒரு நிலையத்தில் அங்கே போங்கள், அங்கே போனால் இங்கே போங்கள். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவில் எல்லை பார்க்காமல் தகவலை வாங்க வேண்டும் என்றிருப்பதை அச்செடுத்துப் புகாரோடு வைத்ததும், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. பிறகு மாவட்டக் குற்றப்பிரிவுக்கு மாறியது. வாங்க மறுத்தால் அதே பிரிவின் உட்பிரிவு 4-இல் எஸ்.பி.க்குத் தபால், அதற்கும் பதிலில்லை என்றால் 175(3)-இல் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாண வாக்குமூலத்தோடு மனு.

முதலில் எழுதிய புகார் ஆறு பக்கம். நாலு பக்கம் துரோகம், நன்றிகெட்டதனம் என்றே போனது. அதிகாரி ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. மறுபடி இரண்டு பக்கமாக எழுதி, கூடவே ஓர் அட்டவணை: தேதி, காசோலை எண், தொகை, யார் கணக்குக்குப் போனது, வவுச்சரில் என்ன எழுதியிருக்கிறது, உண்மை என்ன. அட்டவணையை 2024 ஜூலை 1-ஆம் தேதியில் கோடு போட்டுப் பிரியுங்கள். அதற்கு முந்தைய குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டம், பிந்தையவற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதா. கணக்கைத் திரித்தது பழையதில் 477ஏ, புதியதில் 344. நாங்கள் பிரிக்காமல் கொடுத்து ஒருமுறை திருப்பி வாங்கினோம்.

இதற்கிடையே ஊர்ப் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். “பிள்ளை குட்டிக்காரன், ஆறு மாசத்துல கட்டிருவான், ஸ்டேஷன் வேணாம்ப்பா.” முத்திரைத்தாளில் ஒப்புதல், மூன்று பின்தேதியிட்ட காசோலை, வீட்டுப் பத்திரம். ஒப்புதல் தாளில் தொகையும் தேதியும் இருந்தது நல்லதாயிற்று. வசூல் வழக்குக்கான மூன்று வருடக் காலவரம்புக்கு உதவும். பத்திரம் வெறும் காகிதம். வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டால் வீட்டின் மேல் உரிமை வந்துவிடாது. ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று எடுத்தால், வீடு மனைவி பெயருக்கு தானசெட்டில்மென்ட் ஆகியிருந்தது. வில்லங்கம் முதல் வாரமே பாருங்கள். வழக்குப் போடும்போதே தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி கேளுங்கள்.

முதல் காசோலை திரும்பியது. காசோலை திரும்பியதாக வங்கி தரும் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நாங்கள் 34-ஆம் நாள் வக்கீலிடம் போனோம். வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. நல்லவேளை, காசோலைக்கு மூன்று மாத ஆயுள் முடியவில்லை. மறுபடி போட்டு, மறுபடி திரும்ப வைத்து, நோட்டீஸ் விட்டோம். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள், காசோலை திரும்பியதற்கான 138-ஆம் பிரிவு வழக்கு.

வரிப் பக்கம் சுருக்கமாக. வருமான வரி இணையதளக் கணக்கில் இருந்த கைபேசி எண்ணும் அவருடையதே. செயலாளரின் டிஜிட்டல் கையெழுத்தை வைத்துக் கடவுச்சொல்லை மாற்றினோம். போன பணத்தைச் செலவாக எழுதித் தள்ளாதீர்கள். ‘முன்னாள் பொருளாளரிடமிருந்து வரவேண்டியது’ என்று காட்டச் சொன்னார் ஆடிட்டர். நிர்வாகிக்குப் போன பணம் என்பதால் 1961 வருமான வரிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் கேள்வி எழலாம், எஃப்.ஐ.ஆர்., பொதுக்குழுத் தீர்மானம், வசூல் வழக்கு மூன்றின் நகலும் கோப்பில் இருந்தால் பதில் சொல்ல முடியும். 2026 ஏப்ரல் முதல் சட்டமே புதிது, பிரிவு எண்ணைக் கேட்டு எழுதுங்கள்.

நன்கொடையாளர்களுக்கு நாங்களே முந்திக் கடிதம் போட்டோம். அடுத்த நாளே ஒருவர் கொண்டுவந்து காட்டிய ரசீது எண் எங்கள் அடிக்கட்டையில் இல்லவே இல்லை. பொருளாளரே இன்னொரு ரசீதுப் புத்தகம் அச்சடித்திருக்கிறார், எண் 401 முதல் 450 வரை. சங்கத்துக்கு வராத பணத்தை, நன்கொடை விவரப் படிவமான 10பிடி-யில் ஏற்ற முடியாது, அதனால் நன்கொடையாளர் வரிச்சலுகைக்குக் காட்டும் 10பிஇ சான்றிதழும் கிடையாது. அதை முகத்துக்கு நேரே சொல்வதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. இப்போது அச்சகத்துக்கு, இரண்டு நிர்வாகிகள் கையெழுத்தில்லாமல் எங்கள் பெயரில் ரசீது அடிக்க வேண்டாம் என்று கடிதம் கொடுத்திருக்கிறோம். அந்த ஐம்பதில் நாற்பத்து மூன்று தாள் கைக்கு வந்துவிட்டது. ஏழு இன்னும் வெளியே இருக்கிறது.