தனிக்குடித்தனம் ஏன் போகவில்லை?

டிவிக்கு ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லித்தரும் ஆன்லைன் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். வெளிநாட்டுப் படிப்பு. வீடியோவில் பாடம், வாராவாரம் வீட்டுப்பாடம். அதை வாத்தியார் திருத்த மாட்டார். கூடப் படிக்கிறவர்களே ஒருவருக்கொருவர் திருத்தி மார்க் போட வேண்டும். வினை அங்கேதான் இருந்தது.

முதலில் ஃபார்மட். கூரியர் எழுத்துரு, 12 பாயின்ட், ஒரு பக்கத்துக்குத் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒவ்வொரு காட்சிக்கும் தலையில் உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா என்று போட வேண்டும். என்னுடையது குடும்பக் கதை. 'உள்ளே, சமையலறை, பகல்' என்று ஒருமுறை அடித்துக் காப்பி பண்ணி வைத்துக்கொண்டேன்.

அடுத்தது அங்கம் பிரிப்பது. அமெரிக்க சேனல்களில் ஒரு மணி நேர நாடகம் என்றால் விளம்பரம் போக 42 நிமிடம் சொச்சம்தான் தேறுமாம். அதை நாலைந்து அங்கமாக்கி, ஆள் எழுந்து போகாதபடி விளம்பரத்துக்கு முன்னால் ஒரு கொக்கி போட வேண்டும். இதெல்லாம் நமக்கு ஒரு பாடமா? மருமகள் பால் சொம்பைக் கீழே போடுகிறாள், எல்லார் முகத்தையும் மூன்று தடவை காட்டுகிறோம், விளம்பரம். தெம்பாக ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.

பிரேசில்காரர் ஒருவர் கேட்டிருந்தார்: "இந்தத் தம்பதி ஏன் வேறு வீடு பார்த்துப் போகவில்லை? போனால் இரண்டாம் பக்கத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடுமே." நியாயம்தான். ஆனால் அப்புறம் சேனலுக்கு நான் எதை விற்பது? கனடாவிலிருந்து இன்னொருவர்: "கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்கும் அந்த அம்மாள் பேயா?" யோசனை நன்றாகத்தான் இருந்தது, குறித்து வைத்துக்கொண்டேன். வசனம் ரொம்ப அதிகம், சொல்லாமல் காட்டு என்பதை மட்டும் எல்லாரும் ஒருமனதாக எழுதியிருந்தார்கள்.

சரி என்று பாதி வசனத்தை வெட்டி, தமிழில் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னடா, யாருமே வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க? நான் கத்தியைப் பார்ப்பேனா, டிவியைப் பார்ப்பேனா?"

எந்த வீடியோவிலும் இதைச் சொல்லவில்லை. வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்தேன்.

இந்த வார வீட்டுப்பாடம், கதையின் முடிவை ஒரே வரியில் எழுதுவது. அதையும் அம்மாவிடமே கேட்டேன்.

"முடிவா? அதுக்குள்ள என்னடா அவசரம், ஒரு ஆயிரம் எபிசோடு போகட்டும்."