வெயில் தின்ற சுவர் விளம்பரம்: மூன்றாவது முயற்சி

1894-ல் ஜார்ஜியா மாநிலத்தின் கார்ட்டர்ஸ்வில் ஊரில், ஒரு மருந்துக்கடைச் சுவரில்தான் கோகோ கோலாவின் முதல் சுவர் விளம்பரம் எழுதப்பட்டது. பின்னாளில் அதைப் புதுப்பித்துவிட்டார்கள். என் எச்.ஓ. அளவு (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மாதிரி ரயில் தளத்தில் அப்படியொரு மருந்துக்கடை வேண்டும், ஆனால் வெளுத்துப்போன எழுத்தோடு வேண்டும் என்று ஆசை.

முதல் முயற்சியில் அச்சிட்ட தாளை ஒட்டினேன். இந்த அளவில் ஒரு செங்கல் வரிசை 0.8 மி.மீ.தான், தாள் அந்தப் பள்ளத்தையெல்லாம் மூடிவிட்டது. சுவரெழுத்து போஸ்டர் ஆகிவிட்டது. அடுத்து தாளின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கினேன். பள்ளத்தில் நன்றாகப் படிந்தது, ஆனால் பசை ஈரத்தில் இங்க்ஜெட் மை கரைந்தது.

சரி, தாளே வேண்டாம், நேரடியாக வண்ணம் அடிப்போம் என்று இறங்கினேன். வண்டி நம்பர் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் எழுத்து வெட்டக் கேட்டேன். "தம்பி, நாலு மில்லிக்குக் கீழே போனா கிழிஞ்சிரும்" என்றார். சாய்வெழுத்தை விட்டுவிட்டு 6 மி.மீ. கட்டை எழுத்தாக வாங்கிவந்தேன். நிஜச் சுவரில் அது அரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்.

செங்கல் நிறத்துக்கு எனாமல் (எண்ணெய் வகைப் பெயின்ட்) அடித்து இரண்டு நாள் காயவிட்டேன். அதன்மேல் வெள்ளை அக்ரிலிக் (தண்ணீர் வகைப் பெயின்ட்), அப்புறம் ஸ்டிக்கர் எழுத்து, அதன்மேல் சிவப்பு அக்ரிலிக்கைப் பஞ்சால் ஒற்றினேன். ஸ்டிக்கரை உரித்ததும் வெள்ளை எழுத்து பளிச்சென்று நின்றது.

இனிதான் முக்கியமான வேலை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காதுக்குச்சியை நனைத்து, பிழிந்து, மேலிருந்து கீழாக மட்டும் தேய்த்தேன். ஆல்கஹால் அக்ரிலிக்கைத்தான் கரைக்கும், அடியிலுள்ள எனாமல் அசையாது. மேலே இருக்கும் சிவப்பு முதலில் போகிறது, வெள்ளை கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது. பழைய நிஜச் சுவர்களிலும் இப்படித்தான்: அந்தக்கால வெள்ளையில் ஈயம் இருந்ததால், பின்னணி மங்கிய பிறகும் எழுத்து நிற்கும். செங்கலின் முகப்பு தேய்ந்து, இடுக்கில் மட்டும் சிவப்பு தங்கியதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்!

மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்த பிறகு ஒரு மூலையை மறுபடி ஆல்கஹாலால் தொட்டுவிட்டேன். வெண்படலம் பூத்துவிட்டது. பதறிப்போய் இன்னொரு மெல்லிய கோட் வார்னிஷ் அடித்ததும் மறைந்தது. அடுத்த சுவரில் அந்தப் படலத்தை வேண்டுமென்றே வரவழைத்து, ஜன்னலுக்குக் கீழே வெளுத்த வழிசலாக விட்டுவைக்கப்போகிறேன்.